குறிஞ்சியின் ஊதா, பாலைவனத்தின் வெள்ளை: காட்டுப்பூ படமெடுப்பவர்களின் அனுபவக் குறிப்புகள்

நீலக்குறிஞ்சியை எடுத்து வருகிறவர்கள் சொல்கிற குறை பெரும்பாலும் ஒன்றுதான்: நேரில் பார்த்த ஊதா படத்தில் இல்லை. லென்ஸ் மேல் தப்பில்லை, நிறத்தைக் கேமராவே சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பார்க்கிற வேலை அது. சரிவு முழுக்க ஒரே நிறமாக இருந்தால், அதை வெளிச்சத்தின் சாயம் என்று கேமரா எடுத்துக்கொண்டு பச்சையும் மஞ்சளும் கூட்டிவிடும். ஊதா சாம்பல் தட்டிப்போகும். சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா (RAW) கோப்பாக எடுங்கள். பூ மேல் விழுகிற அதே வெளிச்சத்தில் சாம்பல் அட்டையை வைத்து முதல் படம்; பிறகு கணினியில் நிறத்தைச் சரிசெய்ய அதுதான் அளவுகோல். மஞ்சு விலகி வெயில் வந்தால் அட்டையை மறுபடி வைக்க வேண்டும்.

வெயிலில் இன்னொன்றும் நடக்கும். பொது ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காக இருக்கும். நீலச் சேனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். அப்புறம் இதழில் நரம்பே தெரியாது, ஊதாத் தாளைக் கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து வெளிச்சத்தை 2/3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு அல்லது பாதி வெளிச்சம்) குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

*

நிறத்துக்கு அடுத்தது காற்று. கிட்டே வைத்து எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸுக்குத் துளை அளவு எஃப்/8, ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல்; வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றுங்கள். முன்னும் பின்னும் தெளிவு வேண்டித் துளையை எஃப்/22-க்குச் சுருக்கினால், ஒளி விலகிப் பரவும் டிஃப்ராக்‌ஷனால் முழுப் படமும் மங்கும். கோணத்தை மாற்றுவதே நல்லது: கேமராவின் முதுகும் பூங்கொத்தின் தண்டும் இணையாக இருந்தால் அடிப்பூவிலிருந்து நுனி மொட்டுவரை எஃப்/8-லேயே தெளிவாக வரும். ஃபோகஸை நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்கிறவர்கள் காற்று எழும்முன் விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். இரண்டு படங்களுக்கு நடுவே கொத்து அசைந்தால் இதழ் ஓரம் இரட்டையாகிவிடும், பிறகு கணினியில் மல்லுக்கட்ட வேண்டும்.

பாதையை விட்டு இறங்காதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். குறிஞ்சி ஒரு முறை பூத்து, விதை போட்டுப் பட்டுப்போகிற செடி. மூணாறு பக்கம் 2006, 2018-ல் பூத்தது. அடுத்து 2030-ல் எதிர்பார்க்கலாம். அந்தப் பூவும் 2018-ல் பூத்த செடிகள் போட்ட விதையிலிருந்துதான் வர வேண்டும். ஒடிந்த செடி விதை போடாது.

*

கலிஃபோர்னியாவின் அன்சா-பொரேகோ பாலைவனத்துக்குப் போகிறவர்களுக்கு: குளிர்கால மழை நன்றாகப் பெய்த ஆண்டில் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை பாருங்கள். மணலில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் மணல்மேட்டு ஈவ்னிங் பிரிம்ரோஸ் பொழுது சாயும்போதுதான் விரியும். மறுநாள் முற்பகலில் வாடத் தொடங்கும். பத்து மணிக்கு மேல் போனால் சுருங்கி இளஞ்சிவப்பான இதழ்தான் மிஞ்சும். கலிஃபோர்னியா பாப்பி நேர் எதிர். வெயில் ஏறினால்தான் திறக்கும், மேகம் மூடினால் மூடிக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத் திட்டத்தில் போட்டால் ஏதாவது ஒன்று கைவிட்டுப் போகும்.

பிரிம்ரோஸுக்குச் சூரியன் எழுந்த முதல் அரைமணி நேரம் பொன்னானது. மணலில் குப்புறப் படுத்து, பூவைச் சூரியனுக்கும் லென்ஸுக்கும் நடுவில் வையுங்கள். மெல்லிய இதழுக்குள் வெளிச்சம் புகுந்து, உள்ளே மகரந்தத் தாள்களின் நிழல்கூட விழும். இருண்ட புதரோ மலைநிழலோ பின்னால் இருந்தால் கேமராவின் ஒளிமீட்டர் இருட்டை நம்பி வெள்ளையை எரித்துவிடும். ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை இதழில் வைத்து 1 முதல் 1½ ஸ்டாப் கூட்டினால் விவரம் போகாது. வெயில் ஏறியபின் வெளிச்சத்தை மென்மையாக்கும் 30 செ.மீ. மடக்கு டிஃப்யூசர் உதவும். அதைப் பூவுக்கு எவ்வளவு கிட்டே பிடிக்கிறீர்களோ அவ்வளவு மென்மை. பின்னணி மட்டும் வெயிலில் வெளுத்து நின்றால் படம் கெடும், அதையும் நிழலுக்குள் கொண்டுவாருங்கள்.

லென்ஸை அங்கே மாற்ற வேண்டாம். மணல் பட்டால் முதலில் ஊதுபந்தால் ஊதித் தள்ளுங்கள். துணியால் நேரே துடைத்தால் கீறல் நிச்சயம். படுக்குமுன் தரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். சோயா (cholla) என்னும் முள் கள்ளியின் துண்டு சட்டையில் ஒட்டினால் கையால் பிடுங்கக் கூடாது, முள் விரலுக்கு மாறிக்கொள்ளும். தலைவாரும் சீப்பை அடியில் விட்டுச் சுண்டினால் தெறித்துப் போய்விடும்.

*

போனில் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. கிட்டே போனதும் பல போன்கள் தானாகவே அகலக்கோண அல்ட்ராவைடு லென்ஸுக்கு மாறும், போனின் நிழலே பூ மேல் விழும். ஒரு முழம் பின்வாங்கி 2 மடங்கு ஜூமில் எடுங்கள்.