புறப்பாட்டுல நாயனம் ரெக்கார்ட் பண்ண எந்த ரெக்கார்டர் வாங்கலாம்?

குடந்தைவாசி:
எங்க ஊரு கோயில் திருவிழால ராத்திரி சுவாமி புறப்பாட்டு நாயனத்த முழுசா ரெக்கார்ட் பண்ணி வைக்கணும், வாசிக்கிறவருக்கு வயசாயிடுச்சு, சாமி புறப்படறப்ப வாசிக்கிற மல்லாரிய அவர் மாதிரி இப்ப யாரும் வாசிக்கிறதில்ல. போன்ல எடுத்தா தவில் அடி விழறப்பல்லாம் நாயனம் அமுங்கிப் போயி அப்புறம் மெதுவா மேல வருது. ஜூம் எச்1 எசென்ஷியல், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் ரெண்டையும் பாத்து வச்சிருக்கேன். எது நல்லது, தனியா மைக் வேணுமா?

வெண்ணாறு:
தம்பி, அமுங்குறது போனோட ஆட்டோ லெவல் வேலை, சத்தம் பெருசா வந்தா அதுவே ஒலியளவக் குறைச்சிடும். டாஸ்காம்ல அத ஆஃப் பண்ணிட்டு, தவில் தனி ஆவர்த்தனம் உச்சத்துல இருக்கறப்ப மீட்டர் -12 டெசிபல் தாண்டாத மாதிரி கையால லெவல் வைங்க. ஜூம்ல 32 பிட் ஃப்ளோட், அதாவது சின்ன சத்தம் பெரிய சத்தம் ரெண்டையும் சேத்துப் பதியற முறை, லெவலே வைக்க வேணாம், கூட்டத்துல நடந்துக்கிட்டே எடுக்கறவங்களுக்கு அதுதான் நிம்மதி. ஆனா ஒண்ணு, ஃப்ளோட் இருந்தா சத்தம் எப்பவும் கிழியாதுன்னு நம்பிடாதீங்க, மைக்கே தாங்கலன்னா ஒண்ணும் பண்ண முடியாது. எச்1 எசென்ஷியல் மைக் 120 டெசிபல் வரைக்கும்தான் தாங்கும், டிஆர்-05எக்ஸ் 125, ஜூம்லயே பெரிய மாடல் எச்4 எசென்ஷியல் 130. வெளியில வாசிக்கறதுக்குன்னே செஞ்ச வாத்தியம் ஐயா, அணசுக்கு, அதான் நாயனத்தோட விரிஞ்ச வாய்க்கு, நேரா முகத்துல மைக்க நீட்டாதீங்க. பத்து பன்னெண்டு அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல, தவிலோட வலந்தலை, அதான் வலது கை அடிக்கிற பக்கம், போயிடாம நாயனக்காரர் பக்கமா நில்லுங்க. இடம் சரியா அமைஞ்சா தனி மைக்கே வேணாம்.

அரசலாறு:
அண்ணன் சொன்னதுதான். கூடவே மைக்குக்கு முடி வச்ச காத்து கவர் கட்டாயம் வாங்கிடுங்க, ஆத்தங்கரைத் தெருவுல காத்து அடிச்சா மொத்தமும் பாழு, அத எந்த சாஃப்ட்வேர்லயும் எடுக்க முடியாது. டாஸ்காம் மைக் நாலாபக்கமும் கேக்கும், காத்தும் கை உரசலும் அதுல கம்மியா விழும், ஆனா பின்னாடி வர்ற ஜெனரேட்டரும் சேந்து விழும். ஜூம்ல எக்ஸ்ஒய், அதாவது குறுக்கா வச்ச ரெண்டு மைக், முன்னாடி இருக்கறத நல்லா பிடிக்கும், ஜெனரேட்டர் வண்டிக்கு முதுகு காட்டி நின்னா நல்ல வித்தியாசம் தெரியும். புறப்பாட்டுக்கு நான் ஜூம்தான் சொல்வேன்.

குடந்தைவாசி:
ரொம்ப நன்றி அண்ணே. மேடைக் கச்சேரின்னா?

வெண்ணாறு:
அங்க எச்4 எசென்ஷியல். மைக்செட்காரர்கிட்ட கேட்டு மிக்சர்லேர்ந்து ஒரு லைன் வாங்கி ரெக்கார்டரோட எக்ஸ்எல்ஆர்ல (மூணு பின் மைக் சாக்கெட்) குடுங்க, அதோட மேல இருக்கற மைக்கும் ஓடட்டும். மிக்சர் லைன்ல மட்டும் எடுத்தா தவில் சத்தம் சின்னதா இருக்கும், மேடையில தானே கேக்குதுன்னு அதுக்கு மைக்க ஏத்தவே மாட்டாங்க. ரெண்டையும் வீட்ல வந்து கலந்துக்கலாம். 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ்ல ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1 ஜிபி, ஃப்ளோட்ல இன்னும் கொஞ்சம் கூட. புது பேட்டரி போட்டுட்டுப் போங்க. வாசிக்கறவர்கிட்ட முன்னாடியே கேட்டுட்டு எடுங்க, முடிஞ்சதும் ஒரு காப்பி அவர் வீட்டுக்குக் கொண்டு போய்க் குடுத்துடுங்க.