நாற்பதுக்கு மேல சாப்பிடுறது உடம்புல சேருதா? உங்க அனுபவத்தை எழுதுங்க

வைகைக்கரை:
எனக்கு 46. வாரத்துல மூணு நாள் முருங்கைக்கீரை, காலையில கேப்பைக் கூழ், சாயங்காலம் எள்ளுருண்டை. ஹீமோகுளோபின் 8.9. டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிட்டார், அதை விடுங்க. வெளியில வரும்போது அங்க உட்கார்ந்திருந்த டயட்டீஷியன் பொண்ணு, என் மகள் வயசுதான் இருக்கும், ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துட்டு என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்கவே இல்ல. "சாப்பிட்டுக் கை கழுவினதும் என்ன குடிப்பீங்கம்மா?"ன்னு கேட்டுச்சு. டீன்னு சொன்னேன். அது பேனாவை மூடி வச்சிட்டு, "காலையில கூழுக்கும் டீயா?"ன்னுச்சு. ஆமா. கீரையில இருக்கிற இரும்பை டீயோட துவர்ப்பு பிடிச்சு வச்சுக்கும், குடலால உறிஞ்ச முடியாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிங்கன்னு சொல்லுச்சு. கீரையை இறக்கினப்புறம் எலுமிச்சம்பழம் பிழியணுமாம், அடுப்புல இருக்கும்போது பிழிஞ்சா சத்து போயிடுமாம். மொத்தமே ரெண்டு நிமிஷப் பேச்சு. ரத்தம் கம்மின்னு எத்தனை பேர் என்கிட்ட சொல்லியிருக்காங்க, ஒருத்தர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கலையேங்கிறது இன்னும் ஆறல.

கடைசி_ட்ரிப்:
அக்கா, எனக்கு வேற கதை. கண்டக்டர் வேலை, 52 வயசு, சுத்த சைவம். சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருஷமா போடுறேன். பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். சுகர் கால்தான்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் விட்டுட்டேன். புதுசா பார்த்த டாக்டரம்மா ஒரு இரும்புக் கவையைத் தட்டி என் கால் கட்டைவிரல்ல வச்சு, "அதிர்வு நின்னதும் சொல்லுங்க"ன்னாங்க. நின்னுடுச்சுன்னு உடனே சொன்னேன். அந்தக் கவையை எடுத்து அவங்க அப்படியே என் மணிக்கட்டு எலும்புல வச்சாங்க. அங்க இன்னும் அதிர்ந்துக்கிட்டு இருக்கு. எனக்கு உடம்பெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. ரத்தத்துல விட்டமின் பி12 பார்த்தா 140. 200-க்குக் கீழே இருந்தாலே குறைவாம். மெட்ஃபார்மின் பி12-ஐக் குடல்ல சேர விடாதாம். சைவச் சாப்பாட்டுல பால், தயிர், மோரைத் தவிர அது கிடைக்கவும் கிடைக்காது. ஊசி போட ஆரம்பிச்சு எறும்பு ஊர்றது குறைஞ்சிருக்கு, முழுசாப் போகல.

ஊசிக்காரம்மா:
வைகைக்கரை தங்கச்சி, டீ மேல மட்டும் பழியைப் போட்டுட்டு உட்காராதீங்க. நான் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. 46 வயசுல 8.9-ன்னா முதல்ல கேட்க வேண்டியது மாதவிடாய் எப்படிப் போகுதுன்னு. நாப்பதுக்கு மேல நிறையப் பேருக்கு அதிகமாப் போகும், கட்டி கட்டியாப் போகும், வெட்கப்பட்டு வாயே திறக்க மாட்டாங்க. போறது நிக்காம டீயை மட்டும் தள்ளி வச்சு என்ன பிரயோஜனம்?

எங்க பெரியப்பா கதையை ரெண்டு வரியில சொல்றேன். அறுபதைத் தொட்ட மனுஷன், ரத்தம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. பார்க்க வந்தவங்க எல்லாம் பேரீச்சம்பழத்தோட வந்தாங்க. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்தப்போ நான் பக்கத்துல நின்னேன். திரையில சதை மாதிரி ஒண்ணு, அதுலேர்ந்து ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஆம்பளைக்கோ, மாதவிடாய் நின்ன பொம்பளைக்கோ இரும்புச்சத்து குறைஞ்சா அது எங்கே ஒழுகுதுன்னு தேடித்தான் ஆகணும், சாப்பாட்டை மாத்திட்டு வீட்டுல இருக்கக் கூடாது.

இப்போ சாப்பாட்டு விஷயம். கேப்பை நல்லதுதான், ஆனா அதுல ஃபைட்டேட்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் இரும்பைப் பிடிச்சுக்கும். கேப்பையை ஊற வச்சு முளைகட்டி, காயவச்சு அரைங்க. இல்லாட்டி கூழைக் காய்ச்சிக் குடிக்கிறதுக்கு முன்னாடி மாவைக் கரைச்சு ராத்திரி முழுக்கப் புளிக்க விடுங்க, நம்ம ஊர்ல பழைய ஆளுங்க செஞ்சது அதுதானே? ஃபைட்டேட்டு குறையும். கறி சாப்பிடுறவங்களா இருந்தா சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரல், வாங்குங்க, ஈரல் வாங்குங்க. அந்த இரும்பு வேற வகை, டீ அதை அவ்வளவா தடுக்காது. இரும்பு மாத்திரையைப் பாலோட விழுங்காதீங்க, கால்சியம் மாத்திரையோடயும் சேர்க்காதீங்க. நெஞ்செரிச்சலுக்குக் காலையில வெறும் வயித்துல பான்டோபிரசோல் போடுறவங்க இங்க எத்தனை பேர்? வருஷக்கணக்குல போட்டா வயித்துல அமிலம் குறையும், இரும்பும் பி12-ம் சரியாச் சேராது. நீங்களா நிறுத்தாதீங்க, இன்னும் வேணுமான்னு எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்க. தம்பி கடைசி_ட்ரிப், உனக்கும்தான், மெட்ஃபார்மினை நிறுத்திடாதே. வருஷத்துக்கு ஒரு தடவை பி12 பார்த்துக்கோ.

கொங்குத்தறி:
ரத்தம் பத்தி இல்லைங்க, எனக்குப் பால் பிரச்சினை. மாமியார் எலும்புக்கு நல்லதுன்னு தினமும் படுக்கப்போறப்ப ஒரு டம்ளர் பால் கொடுப்பாங்க. அம்பதை நெருங்க நெருங்க வயிறு உப்பிசமா, கடமுடன்னு இருந்துச்சுங்க. ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு நான் திண்ணையில நடந்துட்டு இருந்தேன். பார்த்தா அவங்களும் எழுந்து வந்து, "எனக்கும் இப்படித்தான் இருக்கும் கண்ணு, யார்கிட்டயும் சொன்னதில்ல"ன்னாங்க. அவங்களும் தினமும் அதே பாலைத்தான் குடிச்சிட்டு இருந்தாங்க. பாலுல இருக்கிற சர்க்கரையைச் செரிக்கிற நொதி வளர்ந்தப்புறம் நிறையப் பேருக்குக் குறைஞ்சிருமுங்க. தயிர்ல அந்தச் சர்க்கரையைக் கொஞ்சம் கிருமியே தின்னுருது, அதனால எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துக்குது. கால்சியத்துக்கு ராகி, நூறு கிராம்ல 350 மில்லிகிராம் பக்கம் இருக்கு. ஊசிக்காரம்மா சொன்ன மாதிரி முளைகட்டித்தான் செய்யறோம்.

வைகைக்கரை:
ஊசிக்காரம்மா அக்கா, கோபமா எழுதினாலும் கேட்டது சரியான கேள்விதான். அதிகமாத்தான் போகுது, ரெண்டு வருஷமாவே. அந்தப் பொண்ணு சொன்னதும் தப்பில்லக்கா, டீயைத் தள்ளி வச்சதுலேர்ந்து படி ஏறும்போது மூச்சு வாங்குறது குறைஞ்சிருக்கு, டானிக்கும் குடிச்சேன். எது வேலை செஞ்சுதுன்னு எப்படிப் பிரிச்சுச் சொல்ல? வெள்ளிக்கிழமை வயித்து ஸ்கேனுக்குப் போறேன். ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லணுமா?

ஊசிக்காரம்மா:
கட்டாயம் பாரு. ஹீமோகுளோபின் ஏறினாலும் உள்ளே இரும்பு கையிருப்பு காலியா இருக்கலாம், ஃபெரிட்டின்தான் அதைக் காட்டும். காய்ச்சல் சளி இருக்கிற நேரத்துல எடுக்காதே, கூடுதலாக் காட்டிடும். எத்தனை நாப்கின் மாத்துறேன்னு ஒரு காயிதத்துல எழுதிக்கிட்டுப் போ, டாக்டர் கேட்பாங்க.

கடைசி_ட்ரிப்:
அக்கா, ஸ்கேன் முடிஞ்சதும் இங்க வந்து சொல்லுங்க.