"பொக்கே"வுக்கு "உருமயக்கம்": ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

படத்தில் குவியத்துக்கு வெளியே இருப்பவை கலைந்து தெரியும் தன்மையை ஒளிப்படக்காரர்கள் "பொக்கே" (bokeh) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் "பின்புல மங்கல்" ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. அதற்குள் ஒரு மறுப்பு. நான் தொழில்முறைப் படக்காரன் இல்லை. விடுமுறை நாள்களில் வேண்டியவர்களை உட்கார வைத்து உருவப்படம் எடுப்பவன். பழைய லென்ஸ்களை அடாப்டர் போட்டு மாட்டிப் பார்ப்பவன். அந்த வேலைக்கு இந்தச் சொல் ஒத்துவரவில்லை.

மங்கல் என்றால் ஒளி குன்றுவது. மங்கிய விளக்கு, மங்கிய நிறம் என்கிறோம். குவியத்துக்கு அப்பால் நிற்கும் தெருவிளக்கின் ஒளி குன்றிவிடவில்லை. புள்ளியாக இருந்தது வட்டமாகப் பரந்திருக்கிறது, அவ்வளவுதான். பல படங்களில் கண்ணை முதலில் இழுப்பதே அந்த வட்டம்தான். அதைப் போய் மங்கல் என்பதா?

"பின்புலம்" அதைவிடப் பெரிய சிக்கல். 85 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8 வரை திறந்து (இந்த எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்), ஒன்றரை மீட்டர் தொலைவில் ஒரு முகத்தை எடுங்கள். முழுச்சட்டக் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ. தான். முகம் சற்றே திரும்பினால் போதும், அருகிலுள்ள கண்ணின் இமைமயிர் ஒவ்வொன்றாக எண்ணத் தெரியும். மறு கண் கரைந்து நிற்கும். காதின் கோடுகள் குழைந்துவிடும். அந்தக் காது பின்புலமா? முகத்துக்கும் லென்ஸுக்கும் இடையில் ஓர் இலைக்கொத்தை விட்டு எடுத்தால் அதுவும் பரந்து பச்சைப் படலமாகிறது. அதற்கு "முன்புல மங்கல்" என்று இன்னொரு சொல் செய்வோமா?

இப்படியே விட்டுவிடலாம், "பொக்கே" என்றே எழுதலாம், ஆங்கிலமும் கடன் வாங்கியதுதானே என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். சப்பானியச் சொல் அது. 1997 இல் ஓர் அமெரிக்க ஒளிப்பட இதழ் அதை எடுத்து, வாசகர்கள் தவறாக உச்சரித்துவிடக் கூடாதென்று கடைசியில் ஓர் எழுத்தையும் சேர்த்துப் பரப்பியது. ஆனால் நம் எழுத்தில் "பொக்கே" ஏற்கெனவே பூங்கொத்தாகக் குடியேறிவிட்டது. அதை மீறிப் படித்தாலும் பொக்கை வாய்தான் நினைவுக்கு வருகிறது. மேடையில் பூங்கொத்து வாங்கும் படத்துக்குக் கீழே "பொக்கே அருமை" என்று எழுதினால் எதைப் பாராட்டினோம் என்று நாமே விளக்க வேண்டியிருக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த இழையில் இரண்டு வேறு பொருள்களை ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறோம். எவ்வளவு கலைந்திருக்கிறது என்பது ஒன்று. எப்படிக் கலைந்திருக்கிறது என்பது வேறொன்று.

"எவ்வளவு" என்பது வெறும் கணக்கு. குவியத் தொலைவை (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ.) துளை எண்ணால் (எஃப்-க்குப் பின் வரும் எண்) வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். மிகத் தொலைவிலுள்ள ஒரு விளக்கு, முகத்தை அளக்கும் அதே அளவுகோலால் அளந்தால், சரியாக அந்த விட்டமுள்ள வட்டமாகவே படத்தில் விழும். நீங்கள் முகத்தை நெருங்கினாலும் விலகினாலும் இது மாறாது. 50 மி.மீ. எஃப் 1.8 என்றால் ஏறத்தாழ 28 மி.மீ.; 85 மி.மீ. எஃப் 1.8 என்றால் 47 மி.மீ. இரு கண்மணிகளுக்கு நடுவே சுமார் 6 செ.மீ. இருக்கிறது என்றால் இரண்டாவது லென்ஸில் அந்த வட்டம் அதில் முக்கால் பங்கை அடைத்துக்கொள்ளும். விளக்கு முகத்துக்குப் பின்னால் ஒன்றரை மீட்டரில்தான் இருக்கிறது, கேமராவும் முகத்துக்கு முன்னால் ஒன்றரை மீட்டரில் இருக்கிறது என்றால் வட்டம் பாதியாகும். இதற்குப் புதிதாக எதுவும் தேடத் தேவையில்லை, "குவிவிலகல்" போதும்.

இப்போது 200 மி.மீ. லென்ஸை எஃப் 4 இல் மாட்டுங்கள். 200ஐ 4ஆல் வகுத்தால் துளையின் விட்டம் 50 மி.மீ.; எஃப் 1.8 இல் 85 மி.மீ. லென்ஸ் தந்த 47க்கு மிக அருகில் வருகிறது. அதே முகத்தை, அதே அளவில் சட்டத்துக்குள் வைத்து, இரண்டிலும் எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். வட்டங்களின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். படங்கள் ஒன்றில்லை. 85இல் வட்டத்தின் ஓரம் கரைந்து அடுத்ததோடு இழைந்துவிடுகிறது. என் பழைய 200இலோ ஓரத்தில் வெளிச்சக் கோடு ஓடுகிறது. தலைக்குப் பின்னால் இருக்கும் காய்ந்த குச்சிகள் ஒவ்வொன்றும் இரட்டைக் கோடாகப் பிளந்து முகத்திலிருந்து கண்ணைப் பிடுங்குகின்றன. சப்பானியச் சொல்லை உலகம் கடன் வாங்கியது இந்த வேறுபாட்டைப் பேசத்தான். "மங்கல்" இதைத் தொடுவதே இல்லை.

காரணம் பெரும்பாலும் கோளப் பிறழ்ச்சி. லென்ஸின் விளிம்பு வழியே வரும் கதிரும் நடுவே வரும் கதிரும் ஒரே இடத்தில் சேருவதில்லை. வடிவமைப்பாளர் அதை அளவுக்கு மீறித் திருத்தியிருந்தால் பின்னாலுள்ள வட்டங்களுக்கு ஒளிரும் ஓரம் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே லென்ஸ் முன்னாலுள்ள இலைகளை மெல்லக் கரைத்துவிடும். சோப்புக் குமிழி போன்ற வட்டங்களுக்காகவே தேடி வாங்கப்படும் மேயர் ட்ரையோப்ளான் 100 மி.மீ. இந்த வகைதான். ஹீலியோஸ் 44-2 வேறு கதை: 58 மி.மீ., எஃப் 2, பழைய சோவியத் தயாரிப்பு, ஜெர்மன் சைஸ் நிறுவனத்தின் பயோட்டார் லென்ஸின் வழிவந்தது. அதில் ஓரத்து வட்டங்கள் பூனைக்கண்ணாக ஒடுங்கி, நடுவைச் சுற்றி வரிசை கட்டி நிற்கும். முகத்தைச் சுற்றி இலைகள் சுழல்வது போலத் தோன்றும். 1840 இல் ஜோசஃப் பெட்ஸ்வால் என்ற கணித அறிஞர் உருவப்படத்துக்கென்றே கணக்கிட்டுச் செய்த லென்ஸிலும் இந்தச் சுழற்சி உண்டு. அன்று அது குறை. இன்று அதையே விலை கொடுத்து வாங்குகிறோம்.

ஆகவே என் முன்மொழிவு: உருமயக்கம்.

மயக்கம் என்றதும் தலைசுற்றல்தானே என்று கேட்பீர்கள். இலக்கணத்தில் அது கலத்தல். திணைமயக்கம், மெய்ம்மயக்கம், வேற்றுமை மயக்கம் எல்லாம் அந்தப் பொருளில்தான் வருகின்றன. பகலும் இரவும் கலக்கும் மாலையை மயங்கும் மாலை என்கிறோம். லென்ஸுக்குள் நடப்பதும் இதுவே: ஒவ்வொரு புள்ளியும் வட்டமாகி, பக்கத்துப் புள்ளியின் வட்டத்தோடு கலக்கிறது. "உரு" ஒளியியலுக்குப் புதிதில்லை. உருப்பெருக்கம் என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். "ஒளிமயக்கம்" என்று முதலில் நினைத்தேன். அது கண்கட்டு வித்தை போல ஒலிக்கிறது, விட்டுவிட்டேன்.

இதே இழையில் வந்த "குழைவு" என்ற பரிந்துரை அழகானது. ஆனால் அது பாராட்டுச் சொல். இரட்டைக் கோடு போடும் லென்ஸைப் பற்றி எழுதும்போது "மோசமான குழைவு" என்று தடுமாற வேண்டும். உருமயக்கம் எந்தப் பக்கமும் சாயாது. வல்லினம், மெல்லினம் பழகிய நமக்கு வன்மயக்கம், மென்மயக்கம் என்று பிரிப்பது எளிது. ஹீலியோஸ் தருவது சுழல்மயக்கம். குவியம் தவறிய புள்ளி பரவி ஆகும் வட்டத்தை இப்போது "குழப்ப வட்டம்" என்று மொழிபெயர்ப்பு வாடையோடு எழுதுவது "மயக்க வட்டம்" ஆகிவிடும். வினையாகவும் நிற்கும்: "எஃப் 11க்கு மூடினால் காது மயங்காது." "பின்புல மங்கல்" இந்த இடத்தில் திணறும்.

வழக்கமாக வரும் இன்னொரு கேள்விக்கும் இங்கேயே பதில்: நான் "லென்ஸ்" என்று எழுதுவது சோம்பலால் அல்ல, கடையிலும் கையிலும் அதுதான் புழங்குகிறது. "வில்லை" என்று எழுதுவோருடன் சண்டையில்லை.

எனக்குப் பிடிபடாமல் நிற்பவை இரண்டு. அச்சில் வார்த்த கோளமற்ற (பரப்பு கோளத்தின் துண்டாக இல்லாத) லென்ஸ்களில், அச்சைக் கடைந்த நுண்வரிகள் பதிந்து, மயக்க வட்டத்துக்குள் வளையம் வளையமாகத் தெரியும். "வெங்காய வளையம்" நேர்மொழிபெயர்ப்புத்தான் என்றாலும் பார்த்தவுடன் விளங்குகிறது, வைத்துக்கொள்ளலாமா? அடுத்தது, 1999 இல் மினோல்ட்டா வெளியிட்ட 135 மி.மீ. லென்ஸில் உள்ள வடிகட்டி. நடுவில் தெளிவாகவும் ஓரம் போகப் போகக் கறுத்தும் இருக்கும் கண்ணாடி அது. வட்டத்தின் ஓரத்தை அதுவே கரைத்துவிடும். துளை எஃப் 2.8 தான், ஆனால் உள்ளே வரும் ஒளி எஃப் 4.5க்குச் சமம். இந்த இரண்டு எண்களையும் வேறுபடுத்த "துளை எண்" என்ற ஒரே சொல் போதாது. ஒளி கடத்தும் அளவுக்கு "கடத்து எண்" என்று எழுதிப் பார்த்தேன், மின்சாரக் கடத்தி போல இருக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்.