அயர்லாந்துப் பதிவுகளில் வரும் ‘பாரனி’: எப்படித் தேடுவது?

சித்தூர்க்காரன் (பாலக்காடு): கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரி) கீழே ‘பாரனி’ என்று வருதே, நம்ம தாலுகா மாதிரியா? இப்போதைய நிர்வாக வரைபடத்தில் காணோம்.

கொழிஞ்சாம்பாறை: படிநிலையில் அப்படி வைச்சுக்கலாம் சார், ஆனா தாசில்தார் கிடையாது. பல பாரனிகள் பழைய கேலிக் (பூர்வீக ஐரிஷ்) குறுநிலங்களை ஒட்டி அமைந்தவை. சாலை, பாலத்துக்கான வரியைக் கிராண்ட் ஜூரிகள் (அப்போதைய கவுண்டி நிர்வாகக் குழுக்கள்) பாரனிவாரியாகப் போட்டன. 1898 உள்ளாட்சிச் சட்டத்தோடு அந்த வேலை போச்சு. எல்லை மட்டும் பதிவுகளில் நிற்குது.

மீனாட்சிபுரம்: டவுன்லேண்டிலிருந்து (பதிவுகளில் வரும் மிகச் சிறிய நிலப்பிரிவு) தொடங்குங்க. ஒரே பெயரில் பல இருக்கும். 1851 கணக்கெடுப்பை ஒட்டிய டவுன்லேண்ட் அகரவரிசையில் கவுண்டி, பாரனி, பாரிஷ் பார்த்து உறுதி செஞ்சுட்டு, கிரிஃபித் மதிப்பீட்டுக்கு (1847–64; வரிக்காக நிலம், வீடு வைத்திருந்தவர்களின் பெயரோடு எடுத்த பட்டியல்) போங்க. சில சிவில் பாரிஷ்கள் (சர்ச் பாரிஷ் அல்ல, நிர்வாகப் பிரிவு) இரண்டு பாரனிகளில் கிடக்கும். ஒரு பாரனியை மட்டும் தேடினால் பாதி ஆட்கள் விட்டுப்போவார்கள்.

கொழிஞ்சாம்பாறை: இன்னொன்று, 1656–58 ‘டவுன் சர்வே’ (Down Survey) என்ற நில அளவையில் இருப்பது ஐரிஷ் ஏக்கர், 7,840 சதுர கஜம். நம்ம ஏக்கருக்கு (4,840) மாற்ற 1.62 ஆல் பெருக்குங்க.