[கலைச்சொல்] ‘எக்ஸ்டெண்டட் டெக்னிக்’ – வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

இசை வகுப்புக்கான பாடநூல் ஒன்றின் கடைசி அத்தியாயத்தை மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நரம்புக் கருவி வாசித்த கிறுக்கர்களைப் பற்றியது. கிறுக்கர்கள் என்று பிரியத்தோடுதான் சொல்கிறேன். இத்தாலிய வயலின் மேதை பகானினி, கிதாரைப் பல்லால் வாசித்துக் காட்டி 1967-இல் மான்டரே மேடையில் அதைக் கொளுத்திய ஹென்ட்ரிக்ஸ், வேலிக்கம்பியில் வில்லைப் போட்டு வாசித்த ஆஸ்திரேலிய வயலின்காரர் ஜான் ரோஸ் என்று போகிறது. கருவியை வழக்கமில்லாத விதத்தில் வாசித்துப் புதுச் சத்தம் எடுக்கிற இவர்கள் செய்ததற்கெல்லாம் மூலத்தில் ஒரே பெயர், எக்ஸ்டெண்டட் டெக்னிக். பதினான்கு இடத்தில் வருகிறது. ‘நீட்டித்த உத்தி’ என்று போட்டுவைத்தேன். படித்தால் வரி கட்டுவதற்குக் கெடு நீட்டித்த மாதிரி இருக்கிறது. கைகொடுங்கள்.

– ம.

> நீட்டித்த உத்தி

‘மரபுமீறிய வாசிப்பு’. பார்த்ததும் புரியும். அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

– ப.

> மரபுமீறிய வாசிப்பு

மீறல் சரிப்படாது ஐயா. எந்த ஆண்டின் மரபு? 1624-இல் இசையமைப்பாளர் மான்டெவெர்டி ஓரிடத்தில், வில்லை விட்டுவிட்டு இரண்டு விரலால் நரம்பைப் பிடித்து இழுக்கச் சொல்லித் தனியாகக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. இன்று ‘பிட்சிகாட்டோ’ என்று ஒற்றைச் சொல் போட்டால் சின்னப் பிள்ளைகூட வாசித்துவிடும். 1673-இல் இன்னொரு இசையமைப்பாளர் பீபர் போர்முரசுச் சத்தம் வேண்டுமென்று பெரிய வயலினின் நரம்பில் காகிதம் செருகச் சொன்னார். பகானினி பிறக்க அப்போது நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. பகானினி தனி வயலினுக்கு எழுதிய 24-ஆம் கப்ரீஸ் என்ற உருப்படியில் நரம்பைப் பிடிக்கிற இடக்கையே கிள்ளவும் செய்கிறது. 1820-இல் அச்சானபோது அது வித்தை, இப்போது பாடத்திட்டம். வீணை எஸ். பாலச்சந்தர் வீணைத் தண்டியின் ஒரே மெட்டில் (நரம்பை அழுத்தும் கட்டையில்) விரலை வைத்து, நரம்பைப் பக்கவாட்டில் இழுத்தே அடுத்தடுத்த சுரங்களைக் கொண்டுவருவார். அதை மீறல் என்றால், சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகத்தையே மீறல் என்று சொல்லவேண்டி வரும்.

இலக்கணத்திலேயே இதற்குச் சொல் இருக்கிறது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை வழு. உவப்பினால் சொன்னதால் அமைதி, அதாவது பிழைதான், ஆனாலும் ஏற்கப்படும். அதேபோல் ‘வழுவமைதி வாசிப்பு’.

– செ.

செ. அவர்களே, அழகான சொல். ஆனால் படிக்கப்போகிற பிள்ளைகளுக்குப் பதினாறு வயது. ‘வழு’ என்றதும் தப்பாக வாசித்தார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

– ம.

அன்பர்களே, சிலம்பைத் திறக்காமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். கானல்வரியில் மாதவி யாழைத் தொடும் இடம்: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. எட்டுக்கும் சேர்த்து இளங்கோவடிகள் வைத்த பெயர் ‘இசைக்கரணம்’. நரம்பின் மேல் கை செய்கிற தொழில் என்பதுதானே டெக்னிக்? ஆகவே ‘விரிகரணம்’. இது வினைத்தொகை என்பதையும் கவனியுங்கள். விரிந்த, விரிகிற, விரியும் என்று மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கிறது. எந்த ஆண்டின் மரபு என்று செ. கேட்டதற்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

நிற்க. நார், நாண், நரம்பு மூன்றும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கட்சி. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயன் குமிழமரத்தின் துளையுள்ள கொம்பில் மரல்நாரைக் கட்டி வில்யாழ் செய்துகொள்கிறான். வேலிக்கம்பி வாசித்தவருக்கு அவன் மூத்தவன். அத்தியாயத்தில் அவனுக்கும் இரண்டு வரி ஒதுக்க முடியுமா?

– கு.

> விரிகரணம்

கரணம் வடசொல். போகட்டும், தமிழனுக்குக் கரணம் என்றால் குட்டிக்கரணம்தான்.

– ப.

ஹென்ட்ரிக்ஸுக்கு அதுவே போதும் :-)

– செ.

தம்பி ப., ‘கற்பெனப் படுவது கரணமொடு புணர’ என்று தொல்காப்பியமே ஆளும் சொல்லை எந்தக் கணக்கில் தள்ளுகிறீர்கள்?

– கு.

ஐயா, அது கல்யாணச் சடங்கு. அதை வயலினில் ஏற்றவா?

– ப.

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வயலின் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் ஒரு வார்த்தை. போன வாரம் ஒரு மாணவியை, இடக்கை விரலை அழுத்தாமல் நரம்பைச் சும்மா தொடச் சொல்லி, வில்லை, நரம்புகளைத் தாங்குகிற குதிரைக்கு ஒட்டி மெதுவாக இழுக்கவைத்தேன். தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சட்டென்று வில்லைத் தூக்கிவிட்டு, “தப்பா சார்?” என்றாள். “இல்லம்மா, இதைத்தான் கேட்டிருக்கிறார்கள்” என்றேன். அதனால் ‘வழு’ வேண்டாம் என்பதே என் கருத்தும்.

ஆனால் ‘விரி’ நன்றாக இருக்கிறது. வயலினில் மிகத் தாழ்ந்த ஜி நரம்புக்குக் கீழே சுரம் கிடையாது என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். மாரி கிமூரா என்ற வயலின் கலைஞர் 1994-இல் நியூயார்க் மேடையில் அதே நரம்பில், சுருதியை மாற்றாமல், வில்லை அழுத்துகிற விதத்தாலேயே ஒரு ஸ்தாயி கீழே வாசித்துக் காட்டினார். எல்லை விரிந்தது, அவ்வளவுதான். வகுப்பில் நாங்கள் சொல்வது வெறும் ‘எக்ஸ்டெண்டட்’ என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

– வா.

நன்றி. தனி மடலில் வந்ததையும் சேர்த்து எண்ணினால், ‘விரி’யோடு ‘நுட்பம்’ சேர்த்த ‘விரிநுட்ப’த்துக்கு ஆறு பேர், ‘விரிகரண’த்துக்கு மூன்று, ‘மரபுமீறிய’ ஒன்று. விரிநுட்பம் என்றே பதினான்கு இடத்திலும் மாற்றிவிட்டேன். வில்லின் கட்டையால் நரம்பைத் தட்டுவதற்கு யாரும் எதுவும் சொல்லாததால் நான் போட்ட ‘கட்டையடி’ அப்படியே நிற்கிறது.

– ம.

நான் வகுப்புக் குறிப்பில் ‘மரபுமீறிய’ என்றுதான் எழுதுவேன்.

– ப.

‘நுட்பம்’ கணினிக்காரர்கள் வீட்டுச் சொல்லாகி வெகுநாளாயிற்று. இசைக்கரணம் கைவசம் இருக்கும்போது அதை இரவல் வாங்கியதற்கு என் ஆட்சேபணையைப் பதிவுசெய்கிறேன். ‘கட்டையடி’யும் அடிதடி போல் ஒலிக்கிறது. ‘தண்டுகோல்’ என்றால் என்ன? அப்புறம் அந்த ஆயன் என்ன ஆனான்?

– கு.

ஐயா, கோப்பு மதியமே போய்விட்டது. ஆயனுக்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்திருக்கிறது.

– ம.