பொருள்: ‘ஷார்ட் ஸ்கேல்’ பேஸுக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்குள் தேவை

செந்தூல், திங்கள் காலை

அன்பர்களுக்கு வணக்கம். இசைப் பட்டறைக் கையேட்டின் நான்காம் பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படிவம் 3, 4 மாணவர்களுக்கானது. அதில் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான கித்தார், இரண்டு வருகின்றன: டேன்எலெக்ட்ரோ லாங்ஹார்ன் வகை, ‘ஸ்கேல்’ நீளம் ஏறத்தாழ 30 அங்குலம்; ஆஷ்பரி, 18 அங்குலம். வழக்கமான பேஸ் 34 அங்குலம் என்பதால் இரண்டுமே ‘ஷார்ட் ஸ்கேல்’. முதல் வரைவில் ஸ்கேல் என்பதைச் சுரவரிசை என்று கொண்டு ‘குறுஞ்சுரவரிசை கித்தார்’ என்று எழுதப்பட்டிருந்தது. அது முழுப் பிழை, எடுத்துவிட்டேன். இப்போது ‘குறுங்கம்பி பேஸ்’ என்று இருக்கிறது. மறுப்பு இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.

ஜார்ஜ்டவுன், திங்கள் மாலை

> இப்போது ‘குறுங்கம்பி பேஸ்’ என்று இருக்கிறது.

மறுப்பு உண்டு, அக்கா. இந்தச் சொல்லை நம்பிக் கடைக்குப் போகும் மாணவர் தவறான கம்பியை வாங்கி வருவார். இங்கே அளப்பது கம்பியின் முழு நீளத்தை அன்று. கழுத்தின் மேல்முனைக் கட்டைக்கும், உடலில் கம்பியைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே அதிரும் பகுதியை மட்டும்தான் அளக்கிறோம். 1966-இல் வந்த பெண்டர் மஸ்டாங் பேஸ் 30 அங்குலக் கருவி. ஆனால் அதில் கம்பி, உடலின் பின்பக்கத் துளை வழியாக ஏறி வருகிறது. ‘ஷார்ட்’ என்று உறையில் போட்ட கம்பி அதற்குப் பல சமயம் எட்டாது. தடித்த சுற்று மேல்முனைக் கட்டைக்கு முன்பே முடிந்து, பட்டு நூல் சுற்றிய மெல்லிய வால் கட்டைமேல் உட்கார்ந்துவிடும். அதற்கு நடுத்தர நீளக் கம்பி வாங்க வேண்டும்.

நீளக் கம்பியை வாங்கி வெட்டிப் போடுவதிலும் சிக்கல் இருக்கிறது. நான்கில் மிகத் தடித்த ‘இ’ கம்பியின் தடித்த பகுதியே முறுக்காணியில் சுற்ற வேண்டிவரும். வெளிச்சுற்று நெகிழ்ந்தால் ஒலி செத்துவிடும். வெட்டுமுன் வெட்டுமிடத்துக்குச் சற்றுக் கீழே 90 பாகை மடக்கி, மடிப்புக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும்.

ஆகவே பெயர் கம்பியைச் சுட்டக் கூடாது, அதிரும் நீளத்தைச் சுட்ட வேண்டும். ‘அதிர்நீளம்’ என்பது என் பரிந்துரை.

பிரிக்பீல்ட்ஸ், செவ்வாய்

தம்பி சொல்லும் அளவு வீணையில் ஏற்கெனவே இருக்கிறது. மேல்முனைக் கட்டைக்கு மேரு என்று பெயர். கீழே இருப்பது குதிரை, முறுக்காணி பிரடை, விரல் அழுத்தும் குறுக்குக் கட்டை மெட்டு. நான்கு வாசிப்புத் தந்திகள் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். இவ்வளவு சொற்கள் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு? ‘மேரு-குதிரை நீளம்’ என்றால் எங்கிருந்து எங்கு அளப்பது என்பதும் பெயரிலேயே வந்துவிடும். பேஸ் என்பதை ‘மந்தர கித்தார்’ ஆக்கலாம்.

பட்டர்வொர்த், செவ்வாய் இரவு

டீச்சரம்மா, மேருவும் மந்தரமும் தந்தியும் வடசொற்கள். தாழ்ந்த, நடு, உயர்ந்த நிலைகளுக்குத் தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. பேஸ் ஒலிப்பது மெலிவில். யாழுக்குப் பத்தர், கோடு, திவவு என உறுப்புதோறும் பெயர் வைத்த மொழி இது. அங்கே கட்டப்பட்டது நரம்பு. நரலுதல் என்றால் ஒலித்தல். நரலுவது நரம்பு என்பது என் துணிபு.

‘அதிர்நீளம்’ நல்ல தமிழ்தான். ஆனால் குறுமையோடு புணர்த்திப் பாருங்கள். குறுமை + இயல் + உகரம் ‘குற்றியலுகரம்’ ஆவதுபோல, குறுமை + அதிர்நீளம் ‘குற்றதிர்நீளம்’ ஆகும். மாணவர் அதைக் குற்றம் என்று படிப்பார். கம்பிக்கு இனம் மிகுந்து குறுங்கம்பி. நரம்புக்குக் குறுநிலம் போலவே குறுநரம்பு, ஒலி இடறாது. ‘குறுநரம்பு மெலிவியாழ்’ என்று முன்மொழிகிறேன்.

பிறை, புதன் அதிகாலை

நரம்பு, நார் என்பதிலிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது, ஐயா. நரலுதல் நாரைக்கும் பொருந்தும், அலைக்கும் பொருந்தும். அவை நரம்பு ஆகவில்லையே.

இன்னொன்று. மலாயில் கித்தார் கம்பிக்கும் கயிற்றுக்கும் ‘தாலி’ என்கிறார்கள். நம் தாலிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

ஜார்ஜ்டவுன், புதன் காலை

மலாய் ‘தாலி’ ஆஸ்திரோனேசிய மொழிகளின் பழஞ்சொல், தகாலோகிலும் கயிறுதான். நம்முடையதோடு சேர்க்க வேண்டாம். தனி மடலில் பேசுவோம், அண்ணே.

பட்டர்வொர்த் ஐயாவின் ‘நரம்பு’ என் கண்ணைத் திறந்தது. ஆஷ்பரியில் கம்பியே கிடையாது. அதில் கட்டியிருப்பவை சிலிக்கான் ரப்பர் இழைகள். உலோகம் இல்லாததால் காந்த ஒலிவாங்கிக்கு எதுவும் கேட்காது. அதனால் குதிரைக்கு அடியில், அதிர்வின் அழுத்தத்தை மின்குறிப்பாக்கும் பீசோ ஒலிவாங்கியும், அதை உயர்த்த 9 வோல்ட் மின்கலமும் இருக்கின்றன. 1980-களில் கில்ட் நிறுவனம் விற்ற கருவி. அமைத்த இருவர், ஆஷ்வொர்த்-ஜோன்ஸ், தார்ன்பரி. அவர்கள் பெயர்த் துண்டுகளே ‘ஆஷ்பரி’. இதைக் ‘குறுங்கம்பி’ என்று எழுதினால் அடுத்த பத்தியே அதை மறுக்கும். தோலையும் நரம்பையும் கட்டி வாசித்த காலத்துச் சொல்தான் ரப்பருக்குப் பொருந்துகிறது.

கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டியவை: புதிய இழை நீண்டுகொண்டே போகும். ஆணியைப் பல சுற்று திருப்பிய பிறகே சுருதி ஏறத் தொடங்கும், ஏறியதும் சில நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். நகம் பட்டால் இழையில் கீறல் விழும், அறுவது அங்கேதான். நகத்தை ஒட்ட வெட்டி விரல் சதையால் மட்டும் வாசிக்க வேண்டும். விரல் ரப்பரில் ஒட்டுவதால் முகப்பவுடர் தடவுவார்கள். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையோடு அது களிம்பாகிவிடும். கையைத் துடைத்து உலர்த்திவிட்டுக் கொஞ்சமாகத் தடவ வேண்டும்.

இதில் மெட்டும் இல்லை, கோடுகள்தான். அரைச்சுர இடைவெளி மேல்முனையில் 25.7 மி.மீ., எட்டாவது சுரத்துக்கு மேலே 12.8 மி.மீ. அங்கே விரல் 2 மி.மீ. நகர்ந்தால் சுருதி 16 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) பிறழும். 34 அங்குலக் கருவியில் அதே பிழை 8 சென்ட்தான். கைக்கு எளிது, காதுக்குக் கடினம் என்று எழுதுங்கள்.

செந்தூல், புதன் மாலை

இந்தப் பத்தியை அப்படியே சேர்த்துவிட்டேன், தம்பி. ஆனால் ‘நரம்பு’ என்றால் மாணவர் கையிலுள்ள நரம்பைத்தான் நினைப்பார். ‘மெலிவு’ என்றால் உடம்பு இளைத்தது. உறுமி மேளக் குழுவில் அடிக்கும் பிள்ளைகள்கூட ‘பேஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். வாசிக்கும் கைக்குப் புரியாத சொல் கையேட்டில் இருந்து என்ன பயன்?

லாங்ஹார்னுக்கும் இதேபோல ஒரு குறிப்பு வேண்டும்.

ஜார்ஜ்டவுன், புதன் இரவு

லாங்ஹார்ன் 1958-இல் வந்தது. மரச்சட்டத்தின்மேல் அழுத்திய மரநார்ப் பலகை, உள்ளே வெற்றிடம். உடல் இலகு என்பதால் கையை எடுத்ததும் கழுத்து கீழே சாயும். உட்புறம் சொரசொரப்பான அகலத் தோல்வார் போட்டால் நிற்கும். மாணவர்கள் இதைத் தாங்களாகவே ‘தலைக்கனம்’ என்கிறார்கள். அதையே கலைச்சொல்லாக வைக்கலாம்.

அதே கம்பியை அதே சுருதிக்கு 34-க்குப் பதில் 30 அங்குலத்தில் கட்டினால் இழுவிசை 22 விழுக்காடு குறையும். பலமாகத் தட்டினால் கம்பி மெட்டில் மோதிப் படபடக்கும். ஈடுகட்ட 0.105 அங்குலத்துக்குப் பதில் 0.119 அளவு தடிமன் வேண்டும். தடித்த கம்பி விறைப்பானது. 12-ஆம் மெட்டில் சுருதி ஏறிக் கேட்கும், குதிரையைப் பின்னே தள்ள வேண்டிவரும். பழைய லாங்ஹார்னில் குதிரை ஒரே மரத்துண்டு, நான்கு கம்பிக்கும் பொது. ‘இ’ கம்பியின் பக்கம் பின்னே போகுமாறு துண்டையே சாய்த்து, முதலில் இரு ஓரக் கம்பிகளைச் சரிசெய்ய வேண்டும். நடுவிலுள்ள இரண்டும் முழுதாகச் சேராது.

பிரிக்பீல்ட்ஸ், வியாழன்

தலைக்கனத்துக்கு முழு ஆதரவு. மேரு, குதிரை இரண்டையும் படத்தில் குறித்துவிட்டால் போதும். தலைப்பில் வேண்டும் என்று நிற்கவில்லை.

செந்தூல், வியாழன் இரவு

நாளை காலை கோப்பை அனுப்புகிறேன். முடிவு: ‘ஸ்கேல் லெங்த்’ என்பதற்கு அதிர்நீளம். தலைப்பில் ‘அதிர்நீளம் குறைந்த பேஸ்’. தொகைச்சொல் ஆக்கவில்லை, ஆகவே குற்றம் என்ற குழப்பமும் இல்லை. உலோகமானால் கம்பி, ரப்பரானால் இழை. மேரு, குதிரை, மெட்டு படத்தில். தலைக்கனம் தனிப் பதிவு. ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று.

பட்டர்வொர்த், வெள்ளி அதிகாலை

எதிர்ப்பு என்னுடையது. அது பதிவில் நிற்கட்டும். ‘அதிர்நீளம் குறைந்த பேஸ்’ என்பது விளக்கம், பெயர் ஆகாது. பத்து முறை எழுதியதும் மாணவர் ‘ஷார்ட்’ என்று சுருக்கிவிடுவார். ‘இழை’ சட்டைத் துணிக்கும் பொது. ரப்பருக்கு நரம்பே சரி என்று தம்பி புதன்கிழமை ஒப்புக்கொண்டார், முடிவில் அது எங்கே போயிற்று? இந்தப் பதிப்பில் முடியாவிட்டால் ஆஷ்பரிப் பத்தியில் மட்டுமாவது ‘இழை’ வருமிடமெல்லாம் ‘நரம்பிழை’ என்று மாற்றுங்கள், அம்மா. மூன்று இடங்கள் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டேன்.