பெரிய கோயில் உச்சியில் 80 டன் கல்: யார் எடை போட்டது?

கரந்தைக்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியது: "தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் (கருவறைக்கு மேல் எழும் கட்டுமானம்) உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல். கூகுளில் தேடினால் ஆயிரம் பக்கம் வரும். ஆயிரம் பேரும் பொய்யா சொல்வார்கள்?"
படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. அந்தப் பக்கங்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். ஒரே வாக்கியம், வார்த்தை மாறாமல். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அது ஆயிரம் சாட்சி இல்லை, ஒரே சாட்சி. அந்த ஒருவர் யார், எதை வைத்து 80 டன் என்றார்? ஒரு பக்கத்திலும் இல்லை.

சோழமண்டலம்:
நேற்று எழுதிய அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம், பயம் எதற்கு? சின்ன வயதிலிருந்து வழிகாட்டிகள் சொல்லிக் கேட்டது, பத்திரிகைகளில் வந்தது, விக்கிப்பீடியாவிலும் வந்தது. எல்லாரும் முட்டாள், நீங்கள் ஒருவர் மட்டும் அறிவாளி. சரி.

கரந்தைக்காரன்:
கேட்டது ஒரே கேள்வி. 80 டன் என்று அளந்தது யார்?

நாகை மீனா:
நான் கட்டடத் துறையில் இருக்கிறேன். கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். 80 டன் என்றால் கிட்டத்தட்ட 30 கன மீட்டர் கல். அந்த விமானமோ உள்ளே கூடாக எழும்பியது. மேலே மூடியிருக்கும் கல்லின் தடிமன் தெரியாமல் எடை சொல்ல முடியாது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துச் சொல்லும் கணக்கு இல்லை இது.

சோழமண்டலம்:
மேடம், ராஜராஜன் உங்களிடம் கணக்குக் கேட்டுக் கட்டவில்லை. தமிழன் சாதனை என்றாலே சிலருக்கு வயிறு எரிகிறது.

கரந்தைக்காரன்:
தமிழன் சாதனையை நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். ராஜராஜன் எப்படிப்பட்ட கணக்குக்காரன் தெரியுமா? தன்னுடைய 25ஆம் ஆட்சியாண்டு 275ஆம் நாள், அதாவது 1010இல், விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்தான். குடத்தின் எடை 3083 பலம், அதில் போர்த்திய பொன் தகடு 2926½ கழஞ்சு என்று அந்தக் கால எடை அளவுகளில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். "நாம் குடுத்தனவும் அக்கன் (அக்காள்) குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று சொல்லி ஒவ்வொரு நகைக்கும் எடை எழுதியவன் அவன். அந்தக் கணக்கில் உங்கள் 80 டன் எங்கே இருக்கிறது? கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறக்க மாட்டீர்கள், யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள்.

செல்வி_கோவை:
இருவரும் சண்டையை நிறுத்துங்கள். நான் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன். 80 டன் என்றுதான் சொல்கிறது.

கரந்தைக்காரன்:
அம்மா, அது அந்த ஆயிரம் பக்கங்களைப் படித்துத்தான் சொல்கிறது. திரும்ப அதே ஒரு சாட்சி.

செல்வி_கோவை:
என்னை அம்மா என்று கூப்பிடும் வயது எனக்கில்லை. நல்லது சொல்ல வந்தவளிடம் இப்படியா பேசுவது?

சோழமண்டலம்:
அவருக்கு யாரிடமும் மரியாதை கிடையாது சகோதரி. போன வருடம் என்னையும் இப்படித்தான் அவமானப்படுத்தினார்.

கரந்தைக்காரன்:
ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. உலகின் சிறந்த தேசிய கீதம் ஜன கண மன என்று யுனெஸ்கோ அறிவித்ததாகப் போட்டவர் நீங்கள்தானே? யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவே இல்லை.

சோழமண்டலம்:
நான் எழுதவில்லை, பகிர்ந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அதே யுனெஸ்கோதான் 1987இல் பெரிய கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதையும் பொய் என்பீர்களா?

கரந்தைக்காரன்:
அது யுனெஸ்கோவின் சொந்தப் பட்டியலிலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் கேட்பதும் அதுதான். சொன்னவன் யார், அவனுக்கு எப்படித் தெரியும்? கோபுர நிழல் தரையில் விழாது என்ற கதையும் இதே ரகம். சாயங்காலம் பிராகாரத்தில் நின்றால் நிழல் காலடியில் நீண்டு கிடக்கும். ஆயிரம் பக்கம் எழுதியும் சூரியன் கேட்கவில்லை.

தமிழாசிரியர்_ஓய்வு:
அது கோபுரம் அல்ல, விமானம். ஆராய்ச்சி பேசுபவர் முதலில் சரியாக எழுதட்டும். நிழல் விழாது என்பதும் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் நாட்களின் உச்சிவேளையைப் பற்றிச் சொன்னதுதான். அந்த நேரத்தில் அடித்தளத்துக்குள்ளேயே நிழல் அடங்கிவிடும்.

நாகை மீனா:
சூரியன் தலைக்கு நேர் மேலே நின்றால் அகலமான அடித்தளம் உள்ள எந்தக் கட்டடத்துக்கும் அப்படித்தான் ஐயா. அதில் என்ன அதிசயம்?

தமிழாசிரியர்_ஓய்வு:
அதிசயம் என்று நான் எங்கே சொன்னேன்? என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

கரந்தைக்காரன்:
நிழலை விடுங்கள், கல்லுக்கு வாருங்கள். குடவாயில் பாலசுப்ரமணியன் பெரிய கோயிலை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். விமான உச்சியில் இருக்கும் சிகரம் ஒரே கல் இல்லை, பல கற்களை இணைத்தது என்று எழுதியிருக்கிறார். நேரில் ஆராய்ந்தவர் சொல்வதை நம்புவதா, வெட்டி ஒட்டியவர் சொல்வதையா?

சோழமண்டலம்:
ஒரே ஒருவர் சொன்னதை நீங்கள் நம்பலாம், ஆயிரம் பேர் சொன்னதை நான் நம்பக்கூடாது. நல்ல நியாயம்! அப்படியென்றால் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி யானைகளை வைத்துக் கல்லை இழுத்தார்களே, அது எதற்கு? சின்னக் கல்லுக்கா அவ்வளவு தூரம் சாரம்?

கரந்தைக்காரன்:
சாரம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதில் ஏறியது 80 டன் ஒற்றைக் கல் என்று எங்கே எழுதியிருக்கிறது?

சோழமண்டலம்:
80 டன் இல்லை என்று எங்கே எழுதியிருக்கிறது? அதை முதலில் காட்டுங்கள்.

நாகை மீனா:
சொன்னவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

சோழமண்டலம்:
நான் உங்களிடம் பேசவில்லை.

செல்வி_கோவை:
என்னிடம் இன்னும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கரந்தைக்காரன்:
சோழமண்டலம், நாளைக்குள் ஒரே ஒரு பெயர் கொடுங்கள். அளந்தவர் பெயர், அளந்த விதம். இணைப்பு வேண்டாம்.

சோழமண்டலம்:
நான் உங்கள் மாணவன் இல்லை, வீட்டுப்பாடம் செய்ய. இதோ இன்னும் நான்கு இணைப்புகள் போடுகிறேன், படித்துவிட்டுப் பேசுங்கள்.